உழைத்த புனிதர்கள்: போனக்காட்டு நினைவுகளோடு ஒரு வரலாற்று நோக்கு

போனக்காடு என்று சொன்னால் நம் சங்கத்து அன்பர்கள் பலர், "அது தமிழ்நாட்டில் எந்த மாவட்டம்?" என்று கேட்கிறார்கள். மாவட்டம் திருவனந்தபுரம், மாநிலம் கேரளம். நெடுமங்காடு, விதுரா தாண்டி மலையேறினால் வரும் தேயிலைத் தோட்டம் அது. அகத்தியர்கூடத்துக்கு நடந்து போகிறவர்கள் அங்கிருந்துதான் புறப்படுவார்கள். பேய் பங்களா பார்க்க வண்டி பிடித்து வருகிறவர்களும் உண்டு. அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. வெள்ளைக்காரர் காலத்துப் பெயர் 'போன் அக்கார்ட்'. பிரெஞ்சில் 'நல்ல உடன்பாடு' என்று பொருள். ஸ்காட்லாந்தின் ஆபர்டீன் நகரத்து இலச்சினை வாசகமும் இதுதான். நம் சனங்களின் வாயில் அது போனக்காடு ஆனது. காடு தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

என் தாத்தாவும் பாட்டியும் கல்குளம் தாலுகாவிலிருந்து அங்கே கூலி வேலைக்குப் போனபோது எல்லாம் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. போனக்காடு கேரளத்தில் நின்றுவிட்டது. ஓர் அடி நகராமலே அவர்கள் வெளிமாநிலத்தார் ஆனார்கள்.

லயத்து வீட்டில் சுவரோடு சேர்ந்து ஒரு பலகை. அதில் சூசையப்பர், அந்தோனியார், சவேரியார் படங்கள். புதிதாக ஒரு புனிதர் படம் வீட்டுக்கு வந்தால் பாட்டி கேட்கும் முதல் கேள்வி, "இவரு என்ன சோலி பாத்தாரு மக்ளே?" என்பதுதான். என்ன புதுமை செய்தார் என்று கேட்டதில்லை. பேதுரு மீன்பிடித்தார் என்றால் தலையாட்டுவாள். பவுல் கூடாரம் செய்கிற தொழில் தெரிந்தவர் என்றதும், "அப்ப சரி" என்றாள். சிலருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

பாட்டிக்கு மிகவும் பிடித்தவர் சூசையப்பர். ஆசாரி அல்லவா! நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தை கூடக் கிடையாது. ஏசுவை 'தச்சன் மகன்' என்று ஊரார் இளக்காரமாகச் சொன்னதிலிருந்துதான் அவருடைய தொழிலே நமக்குத் தெரிகிறது. திருச்சபையும் அந்தத் தொழிலைத் தனியாகக் கொண்டாட வெகுகாலம் எடுத்துக்கொண்டது. 1870இல் ஒன்பதாம் பத்திநாதர் அவரை அகிலத் திருச்சபையின் பாதுகாவலர் என்று அறிவித்தார். தொழிலாளி என்ற பெயரில் அவருக்குத் திருநாள் வந்ததோ 1955இல்தான். பன்னிரண்டாம் பத்திநாதர் தேர்ந்தெடுத்த நாள் மே 1. உலகத் தொழிலாளர் தினத்தைச் செங்கொடிக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் சங்கக் கொடியும் சூசையப்பர் மெழுகுதிரியும் ஒரே நாளில் வந்ததில் எங்கள் ஆட்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. காலையில் இது, சாயங்காலம் அது.

அடுத்தவர் இசிதோர். நம் பக்கத்தில் அதிகம் அறியப்படாதவர். மத்ரித் நகரத்தருகே 12ஆம் நூற்றாண்டுவாக்கில் வாழ்ந்த பண்ணையாள். சொந்த நிலம் கிடையாது. காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத் தாமதமாக ஏர் பூட்டுகிறார் என்று கூடவேலை செய்தவர்கள் முதலாளியிடம் கோள் சொன்னார்களாம். முதலாளி மறைந்திருந்து பார்க்க, தேவதூதர்கள் இசிதோருக்குப் பதிலாக உழுதுகொண்டிருந்தார்கள் என்பது கதை. இதைப் பாட்டியிடம் சொன்னேன். "நமக்க மலையில ஒரு தூதனும் வந்து கொழுந்து கிள்ளல. நேரம் தெத்தினா அரை நாள் கூலி போச்சு" என்று சிரித்தாள். கதை எப்படியிருந்தாலும் வரலாறு இது: 1622 மார்ச் 12ஆம் தேதி, இஞ்ஞாசியார், சவேரியார், அவிலா தெரேசா, பிலிப்பு நேரி ஆகிய பெரியவர்களோடு ஒரே மேடையில் இந்தக் கூலியாளுக்கும் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. நம் கோட்டாற்றுச் சவேரியாருக்குப் பக்கத்தில் ஓர் உழவன்!

இனி நம்மூர்க்காரர். குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரத்து நீலகண்டசுவாமி கோயிலிலும் அரண்மனையிலும் அலுவல் பார்த்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்த டச்சுக்காரர் டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் லாசரு என்று ஞானஸ்நானம் பெற்றார். அதன் தமிழ்தான் தேவசகாயம். 1749இல் கைது. 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மதத்தின் பேரால் அன்றைய திருவிதாங்கூரில் யாரையும் துன்புறுத்தவில்லை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆனால் அவர் இறந்து நான்கே ஆண்டுகளில், 1756இல், கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையிலேயே இந்தக் கொலை பதிவாகியிருக்கிறது. பின்னால் கட்டிய கதை என்று எளிதில் தள்ளிவிட முடியாது.

எருமை மேல் ஊர்வலம், எருக்கம்பூ மாலை, காயத்தில் மிளகாய்ப்பொடி என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஞானஸ்நானத்துக்கும் கைதுக்கும் இடையில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டும் அவர் சம்பளக்காரர், மனைவி உள்ளவர், துறவி அல்ல. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு அமர்ந்து உண்டார் என்பது மரபு. பகை வளர்ந்ததும் இதனால்தான் என்பர். அவருடைய சாதிப்பெயரை விட்டுவிட்டு 'தேவசகாயம்' என்று மட்டும் சொல்லிப் பட்டம் கொடுத்தது பொருத்தமே. கேரளத்தில் அதற்கு முன் பட்டம் பெற்ற அல்போன்சா, சாவரா, யூப்ராசியா, மரியம் திரேசியா எல்லாரும் துறவியர். இல்லறத்தில் நின்ற முதல் இந்தியப் புனிதர் இவர்தான்.

அவருக்குப் பட்டம் கிடைத்தது 2022 மே 15. ஸ்பெயினில் அது இசிதோர் திருநாள். இன்னொன்றும் உண்டு: பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய 'ரேரும் நோவாரும்' மடலின் தேதி 1891 மே 15. உழைப்பவன் சிக்கனமாகவேனும் வாழ்வதற்குக் கூலி போதுமானதாக இருக்க வேண்டும், அந்தக் கூலியை மறுப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்பது அதன் சாரம். மூன்றும் ஒரே தேதியில் வந்தது தற்செயல்தான். ஆனாலும் காலண்டரில் அந்த நாளை நான் வட்டமிட்டு வைக்கிறேன்.

ஏனென்றால், பக்தி என்றால் பொறுத்துப்போவது என்றே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். போனக்காட்டில் கூலி நிலுவையாகி, தோட்டம் முடங்கி, தொழிற்சாலை பாழடைந்தது ஊரறிந்த செய்தி. அங்குள்ள குருசுமலைச் சிலுவைகள் பற்றி 2017-18இல் வனத்துறையோடு வந்த தகராறு பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. லயத்தில் அடுப்பெரியாதது அந்த அளவுக்கு வரவில்லை என்பது என் வருத்தம்.

அப்பாவின் தங்கை, நாங்கள் மாமி என்போம், வேறொரு மலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். ஓய்வுபெற்ற பிறகு அவளுக்கு வர வேண்டிய கிராச்சுவிட்டி வரவில்லை. தோட்டத்தின் பெயர் வேண்டாம். "சூசையப்பருக்கு நவநாள் சொல்லுங்க, கிட்டும்" என்று உறவுக்காரர் ஒருவர் ஆறுதல் சொன்னார். மாமி அவரைப் பார்த்துச் சொன்னாள்: "அவருட்ட சொல்லியாச்சு. லேபர் ஆபீசுல சொல்லாண்டாமா?" பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எழுதித் தா மக்ளே."

ஒரு மே முதல் தேதி சாயங்காலம் அந்த மனுவை மலையாளத்தில் எழுதினேன். சூசையப்பர் படத்தின் கீழ் ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினாள். எழுதும்போது, தொழில் என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டேன். "கொழுந்து கிள்ளல், முப்பத்தொண்ணு வருசம்னு போடு. வருசத்த விட்றாத" என்றாள். கீழே தமிழில் கையெழுத்துப் போட்டாள். பாதிப் பணம் வந்தது. மீதிக்கு அடுத்த மனு எழுத வேண்டியிருக்கிறது.