குட்டை வாளும் தாத்தாவின் பாக்குவெட்டியும்

சென்ற ஆண்டு மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்க டோக்கியோ போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை அவனும் நானும் ஒரு பழம்பொருள் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரருக்கு என்னைவிட வயது அதிகம். நான் கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நிற்பதைப் பார்த்து, உள்ளிருந்த குட்டை வாளை வெளியே எடுத்தார்.

இதற்கு வாக்கிசாஷி என்று பெயர். அலகு ஒரு ஷாகு முதல் இரண்டு ஷாகு வரை இருக்கும். ஒரு ஷாகு நம் ஓரடிக்குக் கிட்டத்தட்டச் சமம். சாமுராய் இடுப்பில் இரண்டு வாள் செருகியிருப்பார். வேறொருவர் வீட்டுக்குப் போனால் நீள வாளைக் கழற்றிக் கொடுத்துவிடுவார், குட்டை வாள் மட்டும் இடுப்பிலேயே இருக்கும். வியாபாரிகளுக்கு நீள வாள் கிடையாது. ஆனால் பயணம் போகும்போது குட்டை வாள் வைத்துக்கொள்ளலாம். காசுள்ளவர்கள் சும்மா இருப்பார்களா? உறையிலும் பிடியிலும் செலவைக் கொட்டினார்கள்.

பெரியவர் முதலில் வாளுக்கு ஒரு வணக்கம் வைத்தார். பிறகு சின்னச் சுத்தியலால் தட்டி, பிடியிலிருந்த மூங்கில் ஆப்பை எடுத்தார். அவ்வளவுதான், ஒரே ஓர் ஆப்பு! பிடி, கைக்காப்புத் தகடு எல்லாம் தனித்தனியாகக் கழன்று வந்துவிட்டன.

பிடியின் மேல் வெள்ளையாக முத்து முத்தாக இருந்தது திருக்கை மீன் தோல். சியாமிலிருந்து டச்சுக்காரர் கப்பல்களில் ஜப்பானுக்கு மூட்டை மூட்டையாகப் போன சரக்கு அது. 'ட்சுபா' என்ற கைக்காப்புத் தகடு நாவல்பழக் கறுப்பு. செம்பில் சிறிதளவு தங்கம் கலந்த உலோகமாம், பெயர் ஷாகுதோ. வெறுமனே பார்த்தால் செம்பு நிறம்தான். துருவிய முள்ளங்கிச் சாற்றில் நனைத்து, செம்பு உப்புக் கரைசலில் கொதிக்கவைத்தால்தான் அந்தக் கறுப்பு ஏறும். தங்கத்தைப் போட்டு அதைக் கறுப்பாக்கி ரசித்திருக்கிறார்கள்! என் மனைவி கேட்டால் நம்பமாட்டாள். தகட்டின் தரை முழுக்க மீன் சினை மாதிரிப் புள்ளிகள், ஒவ்வொன்றும் உளியால் தனித்தனியாக அடித்தது. இந்த வேலையில் பேர்போன கோத்தோ குடும்பம் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து நானூறு வருஷம் தலைமுறை தலைமுறையாக இதையே செய்தது.

1876-இல் மெய்ஜி அரசு, ராணுவம், போலீஸ் போன்றோர் தவிர யாரும் வாள் அணியக் கூடாது என்று ஆணை போட்டது. கொல்லர்களும் தட்டார்களும் ஒரே நாளில் பிழைப்பில்லாமல் நின்றார்கள். சிலர் வெளிநாட்டாருக்குப் பூச்சாடியும் தூபக்காலும் செய்து பிழைத்தார்கள். கானோ நட்சுவோ கெட்டிக்காரர். அந்த ஆணைக்குச் சில ஆண்டுகள் முன்பே, புதிய அரசின் நாணயங்களுக்கு அச்சு வடிவமைக்கப் போய்விட்டார்.

கடைசியாகப் பெரியவர் அலகின் வாலைக் காட்டினார், பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதி. மேலே அலகு கண்ணாடி மாதிரி மின்ன, கீழே ஒரே துரு. துருவுக்குள் கொல்லரின் பெயர் நான்கு எழுத்து. "துரு ஏன் அப்படியே இருக்கிறது? தேய்த்தால் எழுத்து நன்றாகத் தெரியுமே?" என்று கேட்டேன். மகன் மொழிபெயர்த்ததும் பெரியவர் முகம் மாறிவிட்டது. துருவின் நிறத்தை வைத்துத்தான் வயதைச் சொல்வார்களாம். கொல்லர் அரம் போட்ட தடத்தையும் பெயரையும் அதோடு சேர்த்துத்தான் படிப்பார்களாம். தேய்த்துவிட்டால் எந்த நிபுணரிடம் போனாலும் பயனில்லை. அலகைத் துடைத்துக் கிராம்பு வாசனை எண்ணெய் பூசுவார்கள். வாலை மட்டும் தொடமாட்டார்கள்.

எனக்கு அங்கேயே தொண்டை அடைத்தது. ஓய்வு பெற்ற வருஷம், பொழுது போகாமல், தாத்தாவின் இரும்புப் பாக்குவெட்டியை உப்புத்தாள் போட்டு ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். பிடியின் உட்பக்கம் ஏதோ இரண்டு எழுத்து இருந்தது. செய்த ஆசாரியின் பெயரா, தாத்தாவின் பெயரா, அதற்கும் முந்தியவர் பெயரா என்று அப்போது பார்க்கத் தோன்றவில்லை. எழுத்து போய்விட்டது. அக்கம்பக்கத்தார் பாராட்டவும் செய்தார்கள்.

பெரியவர் ஆப்பைத் திரும்ப அடித்து, வாளை உறையில் போட்டார். விலையைக் கேட்கவில்லை. ஊர் திரும்பியதும் பாக்குவெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பளபளவென்றுதான் இருந்தது.