பொம்மை அச்சும் உப்பு வயலும்

விருத்தாசலம் செராமிக் பொம்மைக்கு அச்சு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். சுட்ட ஜிப்சம்தான் அது. சுடாத ஜிப்சம் மல்லாட்டை வயலுக்குப் போகும்: மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ. வேர் மேலே அனுப்பும் கால்சியம் மண்ணுக்குள் இருக்கும் காய்க்குத் திரும்பி வராது, காயே உறிஞ்சிக்கணும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கடலூர், நாகப்பட்டினம் வயல்களில் கடல்நீரைக் கொட்டியது. அங்கேயும் ஜிப்சம் போட்டார்கள். கால்சியம் மண்துகளில் ஒட்டிய சோடியத்தைத் தள்ளிவிட்டு அங்கே உட்காரும். தள்ளினது போக மழை வேணும், வடிகாலும் வேணும். 2005 பருவமழை கொட்டித் தீர்த்தது. மண் மீண்டதில் ஜிப்சத்தைவிட மழைக்கே பங்கு அதிகம் என்பேன்.

சரி, உப்பு போகவே இல்லைன்னா? அந்தக் கேள்விக்குப் பதில் அதற்கு 35 வருஷம் முன்பே வந்துவிட்டது. 1969இல் அமெரிக்காவில் லாஹேயும் எப்ஸ்டீனும் பீன்ஸ் செடிகளை உப்புக் கரைசலில் வைத்தார்கள். போதுமான கால்சியம் கிடைத்த செடி தாங்கியது. கிடைக்காத செடியில் சோடியம் இலைவரை ஏறி, செடி கருகியது. உப்பு இரண்டுக்கும் ஒரே அளவுதான்!

1998இல் ஜியான்-காங் சூ குழு, கடுகு இனத்துச் சின்னச் செடி ஒன்றில், கால்சியத்தை உணரும் புரதத்துக்கான மரபணுவைக் கண்டது. உப்பு பட்டதும் செல்லுக்குள் கால்சியம் கூடும். அந்தப் புரதம் விழிக்கும். சோடியத்தை வெளியேற்றும் கதவு திறக்கும்.