படிக்காமல் அனுப்பிய ஒரு மெயில்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினான். "டீச்சர், கவர்ன்மென்ட்ல கருத்துக் கேக்கறாங்க. லெட்டர் ரெடியா இருக்குதுங்க. உங்க பேரைப் போட்டு சென்ட் அழுத்துனாப் போதுங்க" என்றான். நான் அழுத்தவில்லை. "ஏனுங்க டீச்சர், பயமாங்க?" என்று கேட்டான்.

பயமில்லை கண்ணு, வெட்கம். 2020-ல் நான் செய்த ஒரு காரியம் இன்னும் மனசில் உறுத்துகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் அதைச் சொல்ல, கொஞ்சம் பழைய காலத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. நீளமான பதிவுதான். வகுப்பில் இருந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

அரசாங்கத்தில் மக்கள் பங்கெடுப்பது என்றாலே நாம் உத்திரமேரூர் கல்வெட்டைச் சொல்வோம். கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டியது. குடவோலை முறையை நானே எத்தனையோ வருஷம் பெருமையாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்தக் குடத்துக்குள் யாருடைய பெயர் போகும் என்று அதே கல்வெட்டு சொல்கிறது. சொந்த மனையில் வீடும், வரி கட்டும் நிலமும், வேதப் படிப்பும் உள்ளவர்கள் பெயர் மட்டும்தான். உழுதவன் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை.

உழுதவனையும் பேச வைத்த ஒரு சம்பவம் பிற்பாடு நடந்தது. அது பாடப்புத்தகத்தில் அதிகம் வராது. 1852-ல் கஜுலு லட்சுமிநரசு செட்டி முதலானவர்கள் சென்னையில் ஒரு சுதேசி சங்கம் தொடங்கி, கம்பெனி ஆட்சியில் மக்கள் படும் பாட்டை எழுதி, ஆயிரக்கணக்கானவர்களின் கையெழுத்தோடு லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். நிலவரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற பேச்சு அந்தப் பாராளுமன்றத்திலேயே எழுந்தது. கிட்டி போடுவது என்று ஒன்று உண்டு. கட்டைகளுக்கு நடுவில் விரலை வைத்து நெரிப்பது. கடைசியில் 1854-ல் சென்னை அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவைப் போட்டு, பாதிக்கப்பட்டவர்கள் புகார் கொடுக்கலாம் என்றது.

மூன்றே மாதத்தில் 1,959 புகார்கள் வந்தன. சிலர் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி நேரில் போனார்கள். பெரும்பாலானவர்கள் கடிதம் போட்டார்கள். எழுதத் தெரிந்தவர் எழுதினார், தெரியாதவர் எழுதத் தெரிந்தவரைப் பிடித்திருப்பார். ஆனால் என்ன நடந்தது, யார் அடித்தார்கள் என்பது அவரவர் வாயிலிருந்து வந்தது. 1855-ல் குழு அறிக்கை கொடுத்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் மேல் பழி இல்லை என்று நழுவிக்கொண்டாலும், சித்திரவதை நடப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டது. வரி வசூலிக்கிறவர் கையிலேயே போலீஸ் அதிகாரமும் இருக்கக் கூடாது என்ற பேச்சு வலுத்து, 1859-ல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. அவரவர் கஷ்டத்தை அவரவர் சொன்னதற்கு அவ்வளவு பலம் இருந்தது.

இனி நம்ம பக்கம் வருகிறேன்.

காங்கேயத்துக்காரர் மனு எடுத்துக்கொண்டு ஒரு காலத்தில் கோயம்புத்தூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனார். 1979-க்குப் பிறகு ஈரோடு. 2009-லிருந்து திருப்பூர். ஊர்தான் மாறியது, திங்கட்கிழமை வரிசை மாறவில்லை. மனுவுக்கு மரியாதை இல்லாதபோது நம்ம பக்கத்து விவசாயிகள் என்ன செய்தார்கள் என்பது சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் வேட்பாளர்களாக நின்றார்கள். விவசாயிகளின் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்று வேட்புமனுவையே கோரிக்கை மனுவாக மாற்றிவிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது. நாடே திரும்பிப் பார்த்தது. அதே வருஷம் டெல்லியில் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் தொகையை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதற்கு மொடக்குறிச்சியும் ஒரு காரணம் என்பார்கள்.

இன்னொன்று நொய்யல். 1992-ல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷத்திலேயே திருப்பூர் சாயத்தண்ணீர் தேங்கும் குட்டை ஆகிவிட்டது. விவசாயிகள் மனுக் கொடுத்தார்கள், போராடினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த வருஷம் என் வகுப்பில், கிணறு கெட்டுப்போன தோட்டத்துப் பிள்ளையும் சாயப்பட்டறையில் அப்பாவுக்கு வேலை போன பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் டிபன் பாக்ஸிலும் ஒரே குறைச்சல்தான். இந்த இரண்டு வீட்டையும் முதலிலேயே உட்கார வைத்து யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற சட்டமும் அப்போது இல்லை. பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம் என்பதே 1997-ல் தான் வந்தது.

அப்புறம் போன் காலம் வந்தது. மக்கள் கருத்துச் சொல்ல 2014 ஜூலையில் மத்திய அரசு 'மைகவ்' என்ற தளத்தைத் தொடங்கியது. சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஒரு கொள்கையும் வகுத்தார்கள். கொள்கைதான், சட்டமில்லை.

மக்கள் மெயில் அனுப்பி ஒரு முடிவை மாற்ற முடியும் என்று நாடு கண்டது 2015-ல். இணையத்தில் சில தளங்களுக்கு ஒரு கட்டணம், வேறு தளங்களுக்கு வேறு கட்டணம் என்று வைக்கலாமா என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டது. பத்து லட்சத்துக்கும் மேல் மெயில் போனது. அந்த மெயில்களை அனுப்பியவர்களின் முகவரியோடு அப்படியே வெளியிட்டு ஆணையம் திட்டும் வாங்கியது. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, அப்படிப் பாகுபாடு காட்டிக் கட்டணம் வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

அதற்கு நடுவில் நடந்ததுதான் எனக்குப் பாடம். இரண்டாவது முறை கருத்துக் கேட்டபோது ஃபேஸ்புக் கம்பெனி தன்னுடைய 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு ஆதரவாக ஒரு கடிதத்தைத் தயார் செய்து, ஒரு பட்டனை அழுத்தினால் போகிற மாதிரி வைத்தது. லட்சக்கணக்கில் போனது. 'நாங்கள் நாலு கேள்வி கேட்டோம், இந்தக் கடிதங்களில் அதற்குப் பதில் இல்லையே' என்றது ஆணையம். முப்பத்தைந்து வருஷம் விடைத்தாள் திருத்திய எனக்கு இது நன்றாகவே புரிந்தது. நாற்பது தாளில் ஒரே விடை, ஒரே பிழையோடு இருந்தால் அது நாற்பது விடை இல்லை, ஒரு விடைதான்.

இவ்வளவு தெரிந்த நான் 2020-ல் என்ன செய்தேன் தெரியுமா?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளை மாற்ற அந்த வருஷம் மார்ச்சில் மத்திய அரசு ஒரு வரைவு தயாரித்து, மக்களிடம் கருத்துக் கேட்டது. கொரோனா ஊரடங்கு நேரம். ஒரு மாணவி எனக்கு ஒரு மெயிலை அனுப்பி, பேர் போட்டு அனுப்பச் சொன்னாள். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். நான் தமிழ் வழியில் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். அந்த ஆங்கிலம் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. நல்ல பிள்ளை அனுப்புகிறாள், நல்லதாகத்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டேன். 'எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்' என்று வருஷாவருஷம் உங்களுக்குச் சொன்ன அதே டீச்சர்.

ஒரு மாதம் கழித்து, ஆர்வலர்கள் தமிழில் விளக்கி எழுதியதைப் படித்தேன். மக்கள் கருத்துச் சொல்ல இருந்த 30 நாளை 20 நாளாகக் குறைப்பது, அனுமதி வாங்காமல் வேலையைத் தொடங்கியவர்கள் பிற்பாடு அனுமதி வாங்கிக்கொள்ள வழிவிடுவது என்றெல்லாம் அதில் இருந்தது. ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைப் பார்த்தவளுக்கு அதைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அந்த இரண்டு பிள்ளைகளின் டிபன் பாக்ஸைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருப்பேன். ஆனால் என் பெயரில் போனது வேறு யாரோ எழுதிய மூன்று பக்கம்.

குற்றம் என் மேல் மட்டும் இல்லை. வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று ஜூன் 30-ஆம் தேதி டெல்லி உயர்நீதிமன்றம் சொல்லி, ஆகஸ்ட் 11 வரை அவகாசம் கொடுத்தது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனது. மெயில் அனுப்ப வழி செய்த ஓர் இளைஞர் இயக்கத்தின் இணையதளம் முடங்கியது. டெல்லி போலீஸ் நோட்டீஸ் அனுப்பி, பிறகு வாபஸ் வாங்கியது. இத்தனைக்கும் பிறகு லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. அந்த வரைவு இறுதி அறிவிக்கையாக வரவே இல்லை. 'உங்கள் கருத்தைப் படித்தோம், இதை ஏற்றோம், இதை ஏற்கவில்லை' என்று எனக்கு ஒரு வரி பதிலும் வரவில்லை.

பதில் வந்தாலும் சில சமயம் அதிசயமாகத்தான் இருக்கிறது. எங்கள் தெருமுனையில் சாக்கடை மேல் போட்ட சிலாப் உடைந்து கிடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடக்கிற இடம். போன வருஷம் போனிலேயே மனுப் போட்டேன். மனு எண் வந்தது, சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நாளில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடித்து வைக்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. போய்ப் பார்த்தேன். பள்ளத்தில் யாரோ ஒரு குச்சியை நட்டு, சிவப்பு பனியன் துணியைக் கட்டி வைத்திருந்தார்கள். முடிந்தது மனுதான். போட்டோ எடுத்து மறுபடியும் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை அந்த வழியில் நடக்கிற ஆறு வீட்டுக்காரர்களும் தனித்தனியாக, அவரவர் வார்த்தையில் போட்டிருக்கிறார்கள்.

அதனால் தம்பி, நீ கேட்டதற்கு என் பதில் இது. அரசாங்கம் கேட்பது நல்லதுதான். ஆனால் நமக்குப் புரிகிற பாஷையில் கேட்டு, யோசிக்க நாள் கொடுத்து, கடைசியில் பதிலும் சொன்னால்தான் அது கேட்டதாகும். நம் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. 1854-ல் எழுதத் தெரியாத குடியானவர்கூடத் தன் விரலுக்கு என்ன ஆனது என்று தானே சொன்னார். கையில் போன் வைத்துக்கொண்டு நாம் அடுத்தவர் விடையைக் காப்பி அடிக்கக் கூடாது.

இனிமேல் எனக்கு லிங்க் அனுப்புகிறவர்கள், விஷயம் என்ன என்று தமிழில் பத்து வரி சேர்த்து அனுப்புங்கள். படித்துப் புரிந்தால் என் வார்த்தையில் நாலு வரி கட்டாயம் எழுதுவேன். ஒருவேளை உங்களோடு ஒத்துப்போகாமலும் எழுதுவேன். அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சிலாப் போட்டால் போட்டோ போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
காங்கேயம்