அலரும் ஆணையும்: பெங்களூரில் வதந்தி, மின்னணு ஊடகம், அரசுக் கட்டுப்பாடு (1991–2025)

அகத்திணை மரபு ஊரார் பேச்சை அம்பல், அலர் என இருநிலைப்படுத்திக் காட்டுகின்றது. சொல்லாகாமல் முகக்குறிப்பாலும் முணுமுணுப்பாலும் அரும்பிநிற்பது அம்பல். இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே இது எனப் பெயர் சுட்டிப் பலரறிய விரிவது அலர். களவொழுக்கத்தை ஒட்டி வகுக்கப்பட்ட இப்பாகுபாட்டை நாட்டு நடப்புக்குப் பொருத்துவது முறையோ என்னும் ஐயம் எழலாம். எனினும் ஒரு பேச்சு எந்தக் கட்டத்தில் ஊரையே அசைக்கும் ஆற்றல் பெறுகிறது என்பதை விளக்க இவற்றைவிடப் பொருத்தமான சொற்கள் தமிழில் இல்லை. அரசன் ஆணையை ஊரறியச் செய்யும் முரசறை மரபும் நம் இலக்கியத்தில் உண்டு. மணிமேகலை விழாவறை காதையோடு தொடங்குவது அறிஞர் அறிந்ததே. அலர் ஊராருடையது, முரசு அரசனுடையது. பெங்களூர் நகரின் கடந்த முப்பதாண்டுக்கால வரலாற்றில் இவ்விரண்டும் எதிரெதிராக நின்ற தருணங்கள் சிலவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. அந்நகரில் வாழும் தமிழர்க்கு இது ஏட்டளவிலான ஆய்வுப்பொருள் அன்று.

முரசு அரசின் கையில் இருந்த காலம்

காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25 அன்று ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீரைத் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டுமென இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதனை மறுத்துக் கர்நாடக அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம் உச்ச நீதிமன்றத்தின் ஏற்பைப் பெறவில்லை. டிசம்பரில் இடைக்கால ஆணை மத்திய அரசிதழில் வெளியானதும் 12, 13 ஆகிய நாள்களில் பெங்களூரில் வன்முறை வெடித்தது. தமிழர் மிகுதியாக வாழும் உழைப்பாளர் குடியிருப்புகள் பெரிதும் தாக்கப்பட்டன. உயிரிழந்தோர் பதினெட்டுக்குக் குறையாதோர் எனப் பதிவாகியுள்ளது. ஆயிரக்கணக்கானோர் ஓசூர் வழியாகவும் சேலம் வழியாகவும் தமிழகம் வந்து சேர்ந்தனர்.

அன்று கைபேசி இல்லை. பொதுமக்களுக்கு இணையமும் இல்லை (இந்தியாவில் அது 1995 ஆகஸ்டு 15 அன்றுதான் திறந்துவிடப்பட்டது). வானொலியும் தொலைக்காட்சியும் பெரும்பாலும் அரசின் வசம் இருந்தன. மின்னணு ஊடகத்தின் மீது அரசு செலுத்தக்கூடிய கட்டுப்பாட்டின் உச்சநிலை அது. அந்த உச்சநிலையிலும் அலர் தெருத்தெருவாக நடந்தே சென்று தன் வேலையை முடித்தது. வதந்திக்குக் காரணம் கணினியும் கைபேசியுமே என இன்று பரவலாகச் சொல்லப்படும் கருத்தை ஏற்குமுன் 1991ஐ நினைவில் கொள்ளுதல் நன்று.

மூன்றாண்டு கழித்து நிகழ்ந்ததோ இன்னும் வியப்புக்குரியது. 1994 அக்டோபர் 2 அன்று பெங்களூர்த் தூர்தர்ஷன் நிலையம் பத்து நிமிட உருதுச் செய்தியறிக்கையைத் தொடங்கியது. அதற்கு எழுந்த எதிர்ப்பு கலவரமாக மாறி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் கொண்டது, செய்தியறிக்கையும் நிறுத்தப்பட்டது. வரலாற்றறிஞர் ஜானகி நாயர் இந்நிகழ்வைக் கன்னட அடையாள அரசியலின் பின்னணியில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இங்கு நோக்க வேண்டியது, கலவரத்துக்கு வாய்ப்பாக அமைந்தது வதந்தியன்று, அரசு ஊடகத்தின் ஒலிபரப்பே என்பதாகும். முரசே சில வேளைகளில் அலராகிவிடுகிறது.

2000 ஜூலை 30 அன்று நடிகர் ராஜ்குமார் காஜனூரிலிருந்து வீரப்பனால் கடத்தப்பட்டபோது காட்டிலிருந்து வந்த செய்திகளைச் சுமந்தவை ஒலிநாடாக்கள். 108 நாள்களும் கர்நாடகத் தமிழர் ஒவ்வொரு நாடாவில் என்ன சொல் வருமோ என்று அஞ்சியிருந்தனர். தடை செய்வதற்கு அங்கே ஒரு கம்பியோ அலைவரிசையோ இல்லை. நகரில் தடை வேறொரு வடிவில் இருந்துவந்தது. காவிரிச் சிக்கல் முற்றும்போதெல்லாம் தமிழ்த் திரைப்படங்களும் கம்பிவடத் தொலைக்காட்சியில் தமிழ் அலைவரிசைகளும் நிறுத்தப்படுவது வழக்கமாயிற்று. அரசாணை எதுவுமின்றி, அச்சத்தினாலும் அமைப்புகளின் நெருக்குதலினாலும் நிகழ்ந்த இத்தடையைக் கட்டுப்பாட்டின் வரலாற்றிலிருந்து ஒதுக்கிவிடுதல் ஆகாது. சட்டத்தை மட்டும் நோக்கும் ஆய்வாளர் பெரும்பாலும் இதனைக் காணத் தவறிவிடுகின்றனர்.

2012 ஆகஸ்டு: தொடர்வண்டி நிலையம்

2012 ஜூலையில் அசாமின் கோக்ராஜார் வட்டாரத்தில் போடோ மக்களுக்கும் வங்கமொழி பேசும் இசுலாமியருக்கும் இடையே மோதல்கள் மூண்டன. வேறு நாடுகளில் வேறு காலங்களில் எடுக்கப்பட்ட படங்கள் அம்மோதல்களின் படங்களாகக் கைபேசிகளில் உலவின. ரமலான் முடிந்ததும் வடகிழக்கு மாநிலத்தார் தாக்கப்படுவர் என்னும் பேச்சு பெங்களூரில் அரும்பியது. ஆகஸ்டு 15 மாலையில் அது அலராயிற்று. அன்றிரவு நகரத் தொடர்வண்டி நிலையத்தில் காவலாளிகளும் உணவக ஊழியர்களும் அழகுநிலையப் பணியாளர்களும் மாணவர்களும் ஆயிரக்கணக்கில் திரண்டனர். குவாகாத்திக்குச் சிறப்புத் தொடர்வண்டிகள் விடப்பட்டன. மூன்று நாள்களில் ஏறத்தாழ 30,000 பேர் வெளியேறியதாக அக்காலச் செய்திகள் கூறின. சென்னையிலிருந்தும் புனேயிலிருந்தும் பலர் புறப்பட்டனர். அவர்கள் அஞ்சிய பெருந்தாக்குதல் பெங்களூரில் நிகழவில்லை. மாநில அரசு பாதுகாப்பு உறுதி கூறியது. இசுலாமிய அமைப்பினர் உள்ளிட்ட நகரத்தார் பலர் போகவேண்டாமென வேண்டினர். ஆயினும் பெட்டிகள் நிரம்பின.

ஆகஸ்டு 17 அன்று மத்திய அரசு நாடு முழுவதும் மொத்தக் குறுஞ்செய்திகளையும் பல்லூடகச் செய்திகளையும் 15 நாள்களுக்குத் தடைசெய்தது. குறுஞ்செய்திக்கு ஐந்து என்னும் வரம்பு வகுக்கப்பட்டது. ஆகஸ்டு 23 அன்று அது இருபதாக உயர்த்தப்பட்டது. இது முதன்முறையன்று. அயோத்தி வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி 2010 செப்டம்பரிலும் மொத்தக் குறுஞ்செய்தி நிறுத்தப்பட்டிருந்தது. 2012இல் அதனோடு இணையப் பக்கங்களின் முடக்கமும் சேர்ந்தது. பெங்களூரில் 2008 முதல் இயங்கிவரும் இணையமும் சமூகமும் ஆய்வு மையம், வெளியே கசிந்த முடக்கப் பட்டியல்களை ஆராய்ந்து 309 உருப்படிகளைக் கணக்கிட்டது. அவற்றுட் சில இணைய முகவரிகளே அல்ல என்பதும், வதந்தியை மறுத்து எழுதப்பட்ட பக்கங்களும் முடக்கத்துக்கு உள்ளாயின என்பதும் அவ்வாய்வில் வெளிப்பட்டன. களை எடுக்கப் போனவர் நாற்றையும் சேர்த்துப் பிடுங்கிய கதை இது.

ஆணையின் நாளையும் மக்கள் புறப்பட்ட நாளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். வெளியேற்றம் தொடங்கியது 15ஆம் நாள். ஆணை வந்தது 17ஆம் நாள். இடைப்பட்ட இரண்டு இரவுகளில் மக்களை நிலையத்துக்கு அனுப்பியது குறுஞ்செய்தி மட்டும்தானா? புறப்பட்டவர்களிடம் செய்தியாளர் கேட்டபோது பலர் கூறிய விடை ஒன்றே: ஊரிலிருந்து பெற்றோர் அழைத்து, உடனே வந்துவிடு என்றனர். தொலைக்காட்சியில் நிலையத்துக் கூட்டத்தைக் கண்ட தாய், மகனை அழைக்கிறாள். அவன் போய்க் கூட்டத்தைப் பெருக்குகிறான். அக்கூட்டத்தை மறுபடி தொலைக்காட்சி காட்டுகிறது. இச்சுழற்சியில் தாயின் குரலை எந்த ஆணையும் தொடவில்லை, தொடவும் இயலாது. எழுத்துக்கு வரம்பு விதித்த அரசு, அதே குறுஞ்செய்தியை முரசாகக் கொண்டு அசாமியிலும் போடோவிலும் மணிப்புரியிலும் அம்மக்களுக்கு நேரே பேசியிருக்கலாம் என்று அன்று எழுந்த கருத்து வலுவுடையது. வரம்பினால் பாதிக்கப்பட்டவருள் ஊர் சேர்ந்தோம் என நண்பர்களுக்குத் தெரிவிக்க விரும்பியவரும் அடங்குவர். சில வாரங்களில் பலர் வேலைக்குத் திரும்பிவந்தனர்.

இதே 2012இல் பெங்களூர்வாசியான ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி ஆதார்த் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அத்திட்டத்தின் முதல் தலைவரான நந்தன் நீலேகணியும் பெங்களூர்க்காரரே. கணினியால் குடிமகனை எண்ணாக்கிய முயற்சியும் அதற்கு மறுப்பும் ஒரே நகரில் பிறந்தமை கருதத்தக்கது. அவ்வழக்கில்தான் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனிமறைவு அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. புட்டசாமி 2024இல், 98ஆம் அகவையில் மறைந்தார்.

2016 செப்டம்பர்: காணொளியின் காலம்

காவிரி நீரைத் திறக்குமாறு உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 5 அன்று ஆணையிட்டதைத் தொடர்ந்து மீண்டும் கொந்தளிப்பு. கன்னட நடிகர்களைக் கேலிசெய்து முகநூலில் எழுதியதாகத் தமிழ் இளைஞர் ஒருவர் பெங்களூரில் தாக்கப்பட்ட காணொளி தமிழகத்தில் பரவியது. தமிழகத்தில் கர்நாடக ஓட்டுநர் ஒருவர் அடிக்கப்பட்ட காட்சியும் சென்னையில் கன்னடருக்குரிய உணவகம் தாக்கப்பட்ட செய்தியும் அங்கே பரவின. செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தனியார் நிறுவனம் ஒன்றின் பணிமனையில் நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழகப் பேருந்துகள் எரிக்கப்பட்டன. பதினாறு காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டது.

2012க்கும் 2016க்கும் ஒரு வேறுபாடு உண்டு. 2012இல் பரவியவை பெரும்பாலும் பொய்ப்படங்கள். 2016இன் காணொளிகளில் இருந்தவை நடந்த நிகழ்ச்சிகள். ஒருவன் அடிபட்டது மெய். அவன் அடிபட்டதனால் ஓர் இனமே அடிக்கிறது என்று கொண்டதே பிழை. பொய்ச்செய்தியைத் தடுப்போம் என்னும் சட்டம் இவ்விடத்தில் பயன்படாது. 1991இன் நினைவுடைய பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் அன்று வண்டி எண்பலகையைக் கண்டு அஞ்சியதற்கு எந்த வதந்தியும் தேவைப்படவில்லை.

ஐந்து என்னும் எண்

2018 மே மாதத்தில் குழந்தை கடத்துவோர் வந்துள்ளனர் என்னும் வாட்சப் செய்தி தென்னாட்டில் பல உயிர்களைக் குடித்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர் கொல்லப்பட்டார். பெங்களூர்ச் சாமராஜப்பேட்டையில் இராசத்தானத்திலிருந்து பிழைக்கவந்த இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். இருவருமே அவ்விடத்துக்கு வெளியாள் என்பதே அவர்கள்மேல் விழுந்த ஐயத்துக்கு அடிப்படை. அவ்வாண்டு ஜூலையில் வாட்சப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு செய்தது. 2012இல் அரசு விதித்த எண்ணும் ஐந்து; 2018இல் நிறுவனம் விதித்ததும் ஐந்து. முன்னது பதினைந்து நாளைக்கு அறிவிக்கப்பட்டது. பின்னதற்கு முடிவுநாள் குறிக்கப்படவில்லை. பயனரிடம் எவரும் கருத்துக் கேட்கவுமில்லை. கட்டுப்பாடு அரசிடமிருந்து நிறுவனத்தின் கைக்கும் பரவியதை இவ்வெண் காட்டுகின்றது.

ஆணைகளின் வழி

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டினது. 2008இன் திருத்தம் அதில் 66அ, 69அ ஆகிய பிரிவுகளைச் சேர்த்தது. எரிச்சலூட்டும் செய்தி அனுப்புவோரையும் தண்டிக்க இடமளித்த 66அ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. இணையப் பக்கங்களை முடக்கும் 69அ பிரிவு நிலைத்தது. முடக்க ஆணைகள் மறைவாக வைக்கப்பட வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு விதிகளுள் ஒன்று. முரசறையாத ஆணை என்பது பழந்தமிழ் மன்னனுக்கு விளங்காத ஒன்றாக இருந்திருக்கும்.

இம்மறைவை எதிர்த்துத் ட்விட்டர் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2023 ஜூன் 30 அன்று தள்ளி, 50 இலட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. அந்நிறுவனமே எக்ஸ் எனப் பெயர் மாறியபின், உள்துறையின் சகயோக் தளத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கும் 2025 செப்டம்பர் 24 அன்று அங்கேயே தள்ளுபடியாயிற்று. தமிழ் வாசகருக்கு அண்மையான சான்று விகடன் இணையதளம்: பிரதமரைச் சித்திரித்த ஒரு கேலிச்சித்திரத்தை ஒட்டி 2025 பிப்ரவரியில் தளம் முழுவதுமே முடக்கப்பட்டது. அச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறக்கலாம் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழி கண்டது. ஒரு படத்துக்காக ஒரு நூலகம் பூட்டப்பட்டிருந்தது எனலாம். கர்நாடக அரசு 2025 ஜூனில் பொய்ச்செய்தித் தடை மசோதாவின் வரைவில் ஏழாண்டுச் சிறைவரை முன்மொழிந்தது.

திருப்பூர், 2023

2012இன் பெங்களூர்க் காட்சி தமிழகத்திலும் ஒருமுறை நிகழ்ந்தது. அப்போது அஞ்சியோர் பீகார்த் தொழிலாளர், அச்சத்துக்குரியோராகச் சுட்டப்பட்டோர் தமிழர். 2023 மார்ச்சுத் தொடக்கத்தில் தமிழகத்தில் இந்தி பேசுவோர் தாக்கப்படுகின்றனர் என்னும் பொய்க் காணொளிகள் பரவின. தமிழக அரசு இருவழி சென்றது. வழக்குகள் பதிவாயின, பீகாரைச் சேர்ந்த யூடியூபர் ஒருவர் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டமும் ஏவப்பட்டது. வதந்திக்கு இச்சட்டம் அளவுமீறிய படைக்கலம் என்பதில் ஐயமில்லை. மற்றொரு வழி எளியது. காவல்துறைத் தலைவர் காணொளியில் மறுப்புரைத்தார். திருப்பூரில் மாவட்ட நிருவாகம் இந்தியிலேயே தொழிலாளர்க்கு அறிவிப்புகளும் உதவி எண்களும் வழங்கியது. பீகார் அதிகாரிகள் குழு நேரில் வந்து ஆலைகளைக் கண்டது. மார்ச் 7 அன்று முதலமைச்சர் திருநெல்வேலி மாவட்டத்தில் வடமாநிலத் தொழிலாளர்களைச் சந்தித்துப் பேசினார். இந்தித் திணிப்பை எதிர்த்த வரலாறுடைய மாநிலத்தின் அதிகாரிகள் இந்தியில் பேசியதைக் குறைகூறியவர் மிகச் சிலரே. ஹோலிக்காக ஊர் சென்றிருந்த தொழிலாளர் பலர் அம்மாத இறுதிக்குள் பின்னலாடை ஆலைகளுக்குத் திரும்பத் தொடங்கினர்.