இலை எழுதும் செலவுக் கணக்கு



கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். தாவரவியல் படித்தவன் இல்லை. ஆனாலும் இந்த மாத உரைக்கு ஒரு வெற்றிலைக் கொடியை எடுத்துக்கொண்டேன்.

2008 மே மாதம் 2, 3 தேதிகளில் அடித்த நர்கிஸ் புயலை நம் இன்சீனில் யாரும் மறந்திருக்க மாட்டோம். எங்கள் வீட்டுப் பின்புறம் நின்ற மாமரம் அன்று வேரோடு சாய்ந்தது. அதன் நிழலில் அம்மா வளர்த்த வெற்றிலைக் கொடி எப்படியோ தப்பிவிட்டது. கூரையைப் பார்ப்பதா, குடிதண்ணீருக்கு அலைவதா என்று இருந்த நாட்கள் அவை. சில நாள் கழித்துப் பார்த்தால், காற்றுக்குத் தப்பிய இலைகள் வெயிலில் வெளுத்து, இடையிடையே தீய்ந்து கிடந்தன. "தண்ணி ஊத்தாம விட்டுட்டோம்மா" என்றேன். "தண்ணி இல்லாம இல்லப்பா, நெழல் இல்லாம" என்று சொல்லி, அம்மா ஒரு கீற்றைச் சாய்த்து வைத்தார்கள்.

வெயில்தான் இலைக்குச் சோறு என்று பள்ளியில் படித்தோம். 1779-இல் யான் இங்கன்ஹௌஸ் என்ற மருத்துவர், செடியின் பச்சைப் பாகங்கள் வெயில் பட்டால்தான் நல்ல காற்றை வெளியிடுகின்றன என்று காட்டினார். சோறு போடும் வெயிலே இலையைச் சுடுமா? இந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1896-இல் ஆல்பிரட் இவார்ட் என்பவர், ஒளி மிஞ்சினால் இலை தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது என்று எழுதினார். 1956-இல் பெசல் காக், மிகுந்த ஒளி ஒளிச்சேர்க்கையின் பொறியையே பழுதாக்குகிறது என்று அளந்து காட்டினார். உச்சி வெயிலில் பல பயிர்களின் மேல் இலைகளுக்கு, வரும் ஒளியில் பாதியைக்கூடப் பயன்படுத்த முடிவதில்லை. மிஞ்சிய சக்தி ஆக்சிஜனைத் தாக்கி, எதையும் அரிக்கும் பொருளாக மாற்றிவிடுகிறது. முதலில் அடிபடுவது பச்சையத்தைத் தாங்கி நிற்கும் 'டி-1' என்ற புரதம். இலை ஓயாமல் அதைக் கழற்றிப் புதிதாகச் செய்து பொருத்துகிறது. பழுது பார்ப்பதைவிட வேகமாகப் பழுது ஏற்பட்டால், அம்மாவின் கொடிக்கு நேர்ந்த கதிதான்.

ஆனால் இலை சும்மா அடிவாங்கிக்கொண்டு இருப்பதில்லை. 1957-இல் சோவியத் நாட்டில் சபோஷ்னிகோவ் என்பவர், வெயில் ஏறும்போது இலைக்குள் ஒரு மஞ்சள் சாயம் குறைவதைக் கண்டார். அமெரிக்காவில் ஹாரி யமமோட்டோவும் தோழர்களும் 1962-இல் அதன் வழியைத் துலக்கினார்கள். வெளிச்சத்தில் 'வயலோசாந்தின்' என்ற சாயம் 'ஸியாசாந்தின்' ஆகிறது, இருட்டில் பழையபடி திரும்புகிறது. மக்காச்சோளத்துக்கு மஞ்சள் நிறம் தருவதில் இந்த ஸியாசாந்தினுக்கும் பங்கு உண்டு. இந்த மாற்றம் எதற்கு என்று அப்போது தெரியவில்லை. 1987-இல்தான் ஜெர்மனியில் பார்பரா டெம்மிக்கும் உடன் உழைத்தவர்களும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள்: ஸியாசாந்தின் கூடும்போது, மிஞ்சிய ஒளிச்சக்தி வெறும் வெப்பமாகக் கழிகிறது. இந்த வேலையை விரைவாக முடுக்கிவிடும் ஒரு புரதத்தை 2000-இல் கிருஷ்ணா நியோகியின் குழுவினர் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள்.

கணக்கர் மொழியில் சொன்னால், அதுவரை நஷ்டம் என்று எழுதியிருந்த தொகை உண்மையில் காப்பீட்டுப் பிரீமியம். முதலைக் காப்பாற்ற, வருமானத்தில் ஒரு பகுதியை இலை தெரிந்தே விட்டுக்கொடுக்கிறது.

நிழலிலேயே வளர்ந்த இலையிடம் இந்தப் பாதுகாப்புச் சரக்கு குறைவு. அதற்கு அதுவரை தேவையும் இல்லை. திடீரென்று நிழல் போனால், வேண்டிய அளவு பிரீமியம் கட்ட அதனிடம் கையிருப்பு இருப்பதில்லை. தமிழ்நாட்டில் கொடிக்கால் போடுகிறவர்கள் முதலில் அகத்தியை விதைத்து, அது எழுந்த பிறகுதான் வெற்றிலைக் கொடியை நடுவார்கள். அகத்தி கொடிக்குக் கொம்பும் ஆகும், குடையும் ஆகும். சாயத்தின் பெயர் தெரியாமலே விவசாயி செய்த ஏற்பாடு இது.

இன்றைய ஆராய்ச்சி அடுத்த படிக்குப் போயிருக்கிறது. மேகம் மறைத்து நிழல் விழுந்த பின்னும் இலை பல நிமிடங்கள் ஒளியைக் கழித்துக்கொண்டே இருக்கிறது. ஆபத்து போன பின்னும் பிரீமியம் கட்டுவது போலத்தான் இது. இதை விரைவாக நிறுத்தும்படி மரபணுவைத் திருத்திய புகையிலைச் செடிகள் வயலில் சுமார் 15 விழுக்காடு கூடுதலாக வளர்ந்தன என்று 2016-இல் வெளியிட்டார்கள். சோயாவில் ஒரு பருவத்தில் விளைச்சல் சராசரி 24 விழுக்காட்டுக்கு மேல் கூடியதாக 2022-இல் அறிவித்தார்கள். அடுத்த பருவத்தில் புயலில் பயிர் சாய்ந்ததால் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. நெல்லை நம்பி வாழும் நம் நாட்டுக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆனாலும் ஒரு நல்ல வருடத்தை வைத்து லாபம் எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பால பாடம்.

நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்றங்காலில் நிழலில் வளர்ந்த செடியை வாங்கி வந்தால், அன்றே முற்றத்து வெயிலில் வைக்காதீர்கள். முதலில் காலை வெயில் மட்டும் காட்டுங்கள். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் அது பழகிக்கொள்ளும்.

எங்கள் கொடியில் தீய்ந்த இலைகள் மீளவில்லை, உதிர்ந்துவிட்டன. கீற்றின் அடியில் துளிர்த்த புது இலைகள் சின்னதாக, தடிப்பாக வந்தன. அம்மா கீற்றை ஒரேயடியாக எடுக்காமல் ஓலை ஓலையாக உருவினார்கள். 1942-இல் இந்தியாவுக்கு நடந்தே போய், போர் முடிந்து திரும்பிய தாத்தா வைத்த கொடி அது. இன்றும் வீட்டு வெற்றிலைத் தட்டுக்கு அதிலிருந்துதான் கிள்ளுகிறோம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.