ஆளுக்கு முன்னே செல்லும் சீட்டு

சிங்கப்பூரின் மேற்குப் பாகத்தில் பூன் லே என்றொரு ரயில் நிலையம் இருக்கிறது. 1990 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் திறக்கப்பட்டது. சியூ பூன் லே என்னும் சீன வர்த்தகரின் பெயர் அது. 1852 முதல் 1933 வரை வாழ்ந்த அவர் ஜூரோங் பக்கத்தில் நிலம் பெற்று, மிளகும் காம்பியரும் பின்னர் ரப்பரும் பயிரிட்டவர். அவர் பெயர் இன்று நிலையப் பலகையில் தமிழ் எழுத்திலும் நிற்கிறது. அந்த மரங்களைச் சீவியவர்களின் பெயரை எந்த நிலையத்துக்கும் இடவில்லை. போகட்டும்.

காலை வேளையில் அந்நிலையத்து வாயிலில் இரண்டு ஜனத்திரள்கள் பிரிகின்றன. ஒன்று நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறுகிறது. மற்றொன்று ஜூரோங், துவாஸ் பட்டறைகளுக்குச் செல்கிறது. இரண்டிலும் தமிழர் உண்டு. முதற்கூட்டத்து இளைஞன் கைப்பேசியைத் திறந்து, லிங்க்ட்இன் என்னும் தன்விவரப் பக்கத்தில் தன் படத்தை மாற்றிக்கொண்டு போகிறான். வேலை கொடுப்பவர் அவனை நேரில் காணுமுன் அப்பக்கத்தைக் கண்டுவிடுகிறார். அவன் வாய் திறக்குமுன் அப்பக்கம் அவனுக்காகப் பேசிவிடுகிறது. இதனைப் புதுயுகத்தின் அதிசயம் என்று சொல்லுகிறார்கள். நாம் அதனை ஒப்புவதற்கில்லை. கடல் தாண்டிய தமிழனுக்கு முன்னே ஒரு சீட்டு நடந்து செல்வது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கமாகும். அச்சீட்டை யார் எழுதினார்கள், அதில் எதை எழுதினார்கள் என்பதே நாம் விசாரிக்க வேண்டிய விஷயம்.

இவ்வழக்கம் முற்றி விளைந்தது இலங்கைத் தோட்டங்களிலேயாதலால் முதலில் அங்கே செல்வோம். 1900 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அங்கே ‘டின் டிக்கெட்’ என்னும் முறை ஏற்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் கூலியாளுக்கு ஒரு தகர வில்லை கொடுக்கப்படும். அதில் எண்கள் இருக்கும்: எந்த ஜில்லா, எந்தத் தோட்டம் என்பதற்கு அடையாளம். வழிச்செலவை எந்தத் துரையின் கணக்கில் எழுதுவது என்று அதைக் கொண்டு அறிந்துகொள்வார்கள். அவனுடைய பெயர் என்ன, அவனுக்குத் தெரிந்த தொழில் என்ன என்பதெல்லாம் அந்த வில்லைக்கு வேண்டியிருக்கவில்லை. மூட்டைக்கு விலாசச் சீட்டு ஒட்டுவது போன்ற காரியந்தான் அது.

அதைவிடக் கொடியது துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக நினைத்தவன் துரையிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் பெற்றாக வேண்டும். “இவனுக்கும் இவனைச் சேர்ந்தவர்களுக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைத் தீர்ப்பவருக்கு இவர்களை விட்டுவிடச் சம்மதம்” என்பது அதன் சாரம். துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டத்தார் சேர்க்கமாட்டார்கள். ஒருவன் கவ்வாத்து வெட்டுவதில் சமர்த்தனாயிருக்கலாம். ஒருத்தி கொழுந்தெடுப்பதில் பத்துப் பேருக்கு முந்தியிருக்கலாம். துண்டில் அதற்கு இடமில்லை. ஒரு மனிதனைப் பற்றி உலகம் அறிய வேண்டியது அவன் பட்ட கடன் ஒன்றே என்று அந்தக் காகிதம் தீர்மானித்துவிட்டது. அக்கடனோ பெரும்பாலும் கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் வளர்ந்தது. படிப்பில்லாதவன் அதைச் சரிபார்ப்பது எங்ஙனம்? 1921 ஆம் ஆண்டில் சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. தன்னைப் பற்றிய சீட்டில் தான் எழுதாத, தான் படிக்கவும் இயலாத ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு ஒரு தலைமுறைக்கு மேல் நம்மவர் மலையேறி இறங்கினார்கள் என்பதை இன்றைய இளைஞர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910 இல் முடிவடைந்தது. கங்காணி ஆள் கட்டுவது 1938 இல் இந்திய சர்க்காரின் தடையால் நின்றது. இங்கே சீட்டின் ஸ்தானத்தை வகித்தது செக்ரோல். விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்களின் பெயரைக் கிராணியார் கூப்பிடுவார். அந்தப் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதியவரும் கிராணியாரே. ஆகையால் ஒரே தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளின் காகிதங்களில் அத்தகப்பனார் பெயர் இரண்டு விதமாக இருப்பதை இன்றும் பல குடும்பங்களில் காணலாம். சிங்கப்பூர் அடையாள அட்டையில் தமிழர் பெயரின் நடுவே வரும் எஸ்/ஓ, டி/ஓ என்பனவும், மலேசியாவில் வரும் ஏ/எல், ஏ/பி என்பனவும் இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்பதன் சுருக்கங்களே. நம்மிடம் குடும்பப் பெயர் இல்லாததால் காகிதம் தனக்குச் சௌகரியமாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

காகிதத்தின் வலிமையை நம்மவர் முழுவதும் உணர்ந்தது 1969 இல். 1957 இல் மலாயா சுதந்திரம் அடைந்தபோது தோட்டத்து ஜனங்களில் பலர் பிரஜையாகப் பதிந்துகொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற எண்ணம் சிலருக்கு. படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆளில்லாத குறை பலருக்கு. அவர்கள் கையில் சிவப்பு அடையாள அட்டையே தங்கியது. பன்னிரண்டு வருஷங்கழித்து, 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிரஜையல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானபோது, இருபது முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர்கள் ஒரே நாளில் அந்நியராகிக் கப்பலேறினார்கள். கை மாறவில்லை, கத்தி மாறவில்லை. அட்டையின் நிறம் மட்டும் குறுக்கே நின்றது. சிங்கப்பூரில் 1957 இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது கோ. சாரங்கபாணியாரும் அவருடைய தமிழ் முரசும் “பதிந்துகொள்ளுங்கள்” என்று ஓயாது வற்புறுத்தியதன் அருமை அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

இனிப் பெயருக்கு வருவோம். தன்விவரப் பக்கத்தின் முதல் வரி அதுவேயாதலால்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு, பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது. அவ்வருஷக் கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். நாளடைவில் தமிழர் பெயரிலிருந்து முதலியும் பிள்ளையும் நாயுடுவும் பெரும்பாலும் உதிர்ந்தன. தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமே போதும் என்றாயிற்று. இந்தியாவில் மற்றெந்தப் பிரதேசத்தாரும் இவ்வளவு பரவலாகச் செய்யத் துணியாத காரியம் இது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! கலிபோர்னியாவில் 2003 இல் தொடங்கிய லிங்க்ட்இன் நம் இளைஞனிடம் முதற்பெயர் என்ன, கடைசிப் பெயர் என்ன என்று கேட்கிறது. பட்டத்தை வைத்துக்கொண்டவனுக்குக் கட்டம் தயாராக இருக்கிறது. பட்டத்தை விட்டவன் விழிக்கிறான். தகப்பனார் பெயரை அங்கே இட்டால் மகளுக்கு வரும் கடிதமெல்லாம் தகப்பனாரை விளித்து வருகின்றது. இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமென்று, பாட்டனார் வீசியெறிந்த பட்டத்தைத் தேடி எடுத்து ஒட்டிக்கொள்ளும் சிலரையும் காண்கிறோம். கட்டத்தை நிரப்பப் போய் மானத்தைக் காலி செய்வதை நாம் எவ்விதத்திலும் ஆதரிக்க முடியாது. தகப்பனார் பெயரையே கடைசிப் பெயராக எழுதலாம். பெயரை இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஒற்றை எழுத்தையே இடலாம். அழைப்பவர் பழகிக்கொள்ளட்டும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பாருக்கு இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்லுவோம். அமெரிக்காவில் போஸ்டன், சிக்காகோ நகரங்களில், வேலை விளம்பரங்களுக்குச் சுமார் ஐயாயிரம் கற்பனை விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். வெள்ளையர் பெயர் இட்டவற்றுக்குப் பத்துக்கு ஒன்று வீதம் அழைப்பு வந்தது. கறுப்பர் பெயருக்குப் பதினைந்துக்கு ஒன்று. இது 2004 இல் வெளிவந்தது. 2007 இல் சுக்தேவ் தோரட், பால் அட்டிவெல் என்னும் இருவர் இந்தியாவில் இதே சோதனை செய்து வெளியிட்டார்கள். படிப்பு ஒன்றே, அனுபவம் ஒன்றே. பெயர் மாத்திரம் வேறு. மேல்ஜாதி இந்துவுக்கு அழைப்பு வரும் வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்கே தலித் பெயருக்கு இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இவையெல்லாம் வெறும் காகித விண்ணப்பங்கள். தன்விவரப் பக்கமோ பெயரோடு முகத்தையும் நிறத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. சிங்கப்பூரில் வேலை விண்ணப்பத்தில் இனம், மதம், வயது கேட்கலாகாதென்று நியாய வேலை வழிமுறைகள் சொல்லுகின்றன. 2025 ஜனவரியில் பாராளுமன்றம் அதற்குச் சட்டமும் நிறைவேற்றியது. நல்லதே. எனினும் விண்ணப்பத்தில் அடைக்கப்பட்ட ஜன்னல் தன்விவரப் பக்கத்தில் அகலத் திறந்திருக்கிறது. அதைத் திறந்து வைத்தவர் சர்க்காருமல்ல, முதலாளியுமல்ல, நாமே.

அப்படியானால் பக்கமே வேண்டாமென்று சொல்லுகிறோமோ? இல்லை. துண்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: எழுதுகோல் இப்போது நம் கையில் இருக்கிறது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த ஒருவருடைய பேத்தி, யாருடைய சிபாரிசுமின்றி, லண்டனிலுள்ள கம்பெனிக்குத் தன் தேர்ச்சியைத் தானே எடுத்துச் சொல்லலாம். கங்காணி தேவையில்லை, கிராணியாரும் தேவையில்லை. இந்தச் சௌகரியத்தை அற்பமென்று எண்ணுபவர் துண்டின் சரித்திரத்தை அறியாதவரே. ஆயினும் எழுதுகோல் நம்முடையதாயினும் கட்டங்கள் பிறருடையவை. 2016 இல் அந்த லிங்க்ட்இன்னையே மைக்ரோசாப்ட் கம்பெனி 26 பில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அவ்விலை எதற்கு? நம்மைப் போன்ற கோடிக்கணக்கானவர் தம் கையாலேயே நிரப்பிக் கொடுத்த கட்டங்களுக்குத்தான்.

எழுதியவனையே எழுத்து கட்டிவிடும் என்பதும் உண்மை. 2012 அக்டோபரில் சிங்கப்பூரில் தொழிற்சங்கக் காங்கிரஸின் உத்தியோகஸ்தர் ஒருவர், மலாய்க்காரரின் கலியாணங்களை இழித்துப் பேஸ்புக்கில் எழுதினார். மறுநாளே வேலை போயிற்று. போனது நியாயமே, அதற்கு நாம் வருந்தவில்லை. வேறொன்றும் உண்டு. வேலை தேடுகிறேன் என்பதற்கு அடையாளமாகப் படத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையம் இட்டுக்கொள்ளும் வசதியை லிங்க்ட்இன் 2020 இல் அளித்தது. இருக்கிற முதலாளி அதைப் பார்த்துவிடுவாரே என்று அஞ்சி இடாதிருப்பவர் அநேகர். அந்தக் காலத்தில் துண்டு கேட்டுத் துரை முன்னே நின்றவனுக்கு இருந்த அதே அச்சம்!

மீண்டும் பூன் லேக்குத் திரும்புவோம். அங்கே இரண்டாவது கூட்டம் ஒன்றைச் சொன்னோம் அல்லவா? அதில் தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வருபவர்களில் பலர் தமிழ்நாட்டிலேயே தேர்வு எழுதிச் சான்று பெற்றுக் கடன்பட்டு வந்தவர்கள். அவர்களுக்குரிய சீட்டு வேலை அனுமதி. அதில் முதலாளியின் பெயர் இருக்கிறது. கப்பலின் அடிவயிற்றில் தலைகீழாகப் படுத்து வெல்டிங் செய்யத் தெரிந்தவர் என்பது அதில் இல்லை. அவர்களும் பேஸ்புக்கில் இருக்கிறார்கள். கலியாணப் படமும் சினிமாப் பாட்டும் இடுகிறார்கள். தம் தொழிலை மட்டும் எழுதுவதில்லை. அது எழுதத்தக்கதென்று அவர்களிடம் ஒருவரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவின் தெருக்களில் அவர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். நம்முடைய சங்கங்களுக்கு அங்கே மண்டபங்கள் உண்டு. ஆங்கிலம் கற்ற வாலிபர் ஏராளம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை. “அண்ணே, போன வருஷம் எந்தக் கப்பலில் வேலை பார்த்தீங்க? எத்தனை மில்லிமீட்டர் தகடு?” என்று கேட்டுக் கேட்டு, அவருடைய பக்கத்தை அவர் முன்னிலையிலேயே எழுதி, எழுதியதைத் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சரியென்ற பின்னரே வெளியிட வேண்டும். ஒருவருக்கு அரைமணி நேரம் ஆகலாம். எந்தச் சங்கம் முதலில் மேஜை போடுகிறதென்று பார்ப்போம்.