மார்கோ மாட்டராசி

மார்கோ மாட்டராசி (பிறப்பு: 19 ஆகஸ்ட் 1973, லெச்சே, இத்தாலி) இத்தாலியக் கால்பந்தாட்டத் தற்காப்பு வீரர், பின்னாளில் பயிற்சியாளர். 2006 உலகக் கோப்பை வென்ற இத்தாலி அணியின் மையத் தற்காப்பில் ஆடியவர். அதன் இறுதியாட்டத்தில் பிரான்சின் ஜிடேன் தலையால் நெஞ்சில் முட்டித் தள்ளிய ஆள் என்றுதான் உலகம் இவரை நினைவில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இவர் வேறொருவர். 2014 முதல் 2017 வரை சென்னையின் எஃப்சி அணியை நடத்தி, அதற்கு முதல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர். அந்த உலகக் கோப்பை அணியில் நடுக்களம் ஆடிய பிர்லோவும் கத்தூசோவும் தே ரோசியும் இத்தாலியின் பெரிய கிளப்புகளில் பயிற்சியாளராகப் பெயர் எடுத்தார்கள். தற்காப்பில் நின்ற மாட்டராசிக்குத் தலைமைப் பயிற்சியாளர் என்ற பட்டம் சென்னை நேரு விளையாட்டரங்கு இருக்கும் பெரியமேட்டில்தான் கிடைத்தது.

இளமையும் இத்தாலியக் களங்களும்

தந்தை ஜுசெப்பே மாட்டராசியும் கால்பந்தாட்டக்காரர், பயிற்சியாளர். வேலை நிமித்தம் ஊர் ஊராக மாறிய குடும்பம். பதின்பருவத்திலேயே மாட்டராசி தாயை இழந்தார். பெரிய கிளப்பின் பயிற்சிக்கூடத்தில் செல்லப்பிள்ளையாக வளர்ந்தவரல்ல. சிசிலியின் மார்சாலா, திராப்பனி போன்ற கீழ்நிலை லீக் அணிகளில் ஆடித்தான் மேலே வந்தார். பெருஜா அணியில் சேர்ந்த பிறகும் ஒரு பருவம் கார்ப்பி அணிக்கு இரவலாக அனுப்பப்பட்டார். 1998-99இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் அணிக்குப் போனது தோல்வி என்றே சொல்ல வேண்டும். சிவப்பு அட்டைகள் வாங்கி ஒரே ஆண்டில் பெருஜாவுக்குத் திரும்பினார்.

திரும்பியதுதான் திருப்பம். 2000-01 பருவத்தில் இத்தாலியின் முதல்நிலை லீகான சீரி ஆவில் 12 கோல் அடித்தார். அர்ஜென்டினாவின் டேனியல் பசரெல்லா ஒரு பருவத்தில் 11 கோல் அடித்திருந்ததே அதுவரை தற்காப்பு வீரர்களில் உச்சம். மாட்டராசியின் கோல்களில் பெனால்டிகள் நிறைய உண்டு. ஆனால் 1.93 மீட்டர் உயரத்துக்கும் இடதுகால் உதைக்கும் அவற்றில் பங்கு உண்டு. 2001 ஏப்ரலில் தேசிய அணிக்கு முதல் ஆட்டம், கோடையில் இன்டர் மிலன் ஒப்பந்தம்.

இன்டரில் 2011 வரை பத்து ஆண்டுகள். ஐந்து லீக் பட்டங்கள், நான்கு இத்தாலியக் கோப்பைகள், 2010இல் சாம்பியன்ஸ் லீக். இந்த மனிதரின் குணத்தை அறிய சியேனா என்ற சிறிய அணியுடன் இவர் மோதிய மூன்று சந்தர்ப்பங்களைப் பார்த்தால் போதும். 2004இல் தான் ஆடாத ஒரு ஆட்டத்தின் முடிவில், மைதானத்தை விட்டு உள்ளே போகும் வழியில் சியேனாவின் புரூனோ சிரில்லோவை அடித்து இரண்டு மாதத் தடை வாங்கினார். 2007 ஏப்ரலில் அதே சியேனாவுக்கு எதிராக 2-1 என வென்று இன்டர் லீக் பட்டத்தை உறுதி செய்தபோது இரண்டு கோலும் இவருடையவை. 2008 மே மாதம், மறுபடியும் சியேனா. வென்றால் பட்டம் என்ற ஆட்டத்தில் பெனால்டியை அடிக்க முன்வந்தார், கோல்கீப்பர் தடுத்துவிட்டார், ஆட்டம் 2-2 என முடிந்து பட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது. கோபம், துணிச்சல், பொறுப்பைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும் அவசரம் எல்லாம் இந்த மூன்றிலும் தெரிகின்றன.

2005 ஏப்ரலில் இரு மிலன் அணிகளும் மோதிய ஐரோப்பிய ஆட்டத்தில் ரசிகர்கள் தீப்பந்தங்களை வீசினார்கள். ஆட்டம் நின்றது. புகைக்கும் சிவப்பு ஒளிக்கும் நடுவே எதிரணியின் ரூயி கோஸ்டா தோளில் முழங்கையை ஊன்றியபடி மாட்டராசி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற புகைப்படம், கால்பந்தாட்ட வரலாற்றின் மிகப் பிரபலமான படங்களில் ஒன்று. முரட்டு ஆட்டக்காரர் என்று பேர் எடுத்தவர் எதிரியோடு அவ்வளவு சாவகாசமாக நிற்கிறார்!

2006 உலகக் கோப்பை

ஜெர்மனிக்குப் போகும்போது மாட்டராசி மாற்று ஆட்டக்காரர்தான். மையத் தற்காப்பு அலெசாந்த்ரோ நெஸ்டாவுக்கும் கன்னவாரோவுக்கும் உரியது. செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் நெஸ்டா காயம்பட, 17ஆவது நிமிடத்தில் உள்ளே வந்தவர் பத்து நிமிடத்துக்குள் கார்னர் பந்தைத் தலையால் முட்டி கோலாக்கினார். அடுத்து ஆஸ்திரேலியாவுடன் சிவப்பு அட்டை. அதனால் காலிறுதியில் இல்லை. அரையிறுதியில் திரும்பி வந்தார்.

ஜூலை 9, பெர்லின். பிரான்சின் மலூடாவைத் தடுத்ததில் இவர் செய்த பிழைக்காகப் பெனால்டி. 7ஆவது நிமிடத்தில் ஜிடேன் அதை கோலாக்கினார். 19ஆவது நிமிடத்தில் பிர்லோவின் கார்னரை எம்பி முட்டி மாட்டராசி சமன் செய்தார். 110ஆவது நிமிடத்தில் இவர் சொன்ன ஒரு சொல்லுக்கு ஜிடேன் திரும்பி வந்து நெஞ்சில் முட்டினார், வெளியேற்றப்பட்டார். பெனால்டி மோதலில் மாட்டராசியும் ஒன்றை அடித்து உள்ளே தள்ள, இத்தாலி 5-3 என வென்றது. ஃபிஃபா பின்னர் ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடையும் மாட்டராசிக்கு இரண்டு ஆட்டத் தடையும் விதித்தது. அடிபட்டவனுக்கும் தண்டனை என்பது அபூர்வம். ஜிடேனின் சகோதரியை இழுத்துப் பேசியதாகப் பிறகு மாட்டராசியே ஒப்புக்கொண்டார். இறுதியாட்டத்தின் முதல் பெனால்டி, சமன் கோல், சிவப்பு அட்டை மூன்றிலும் கைவைத்த ஒரே ஆள் இவர் என்பது அந்தச் சர்ச்சையில் மறைந்துபோகிறது. தேசிய அணிக்காக ஆடிய 41 ஆட்டங்களில் இவர் அடித்த கோல் இரண்டே இரண்டு. இரண்டும் இந்தப் போட்டியில்தான்.

இன்டரில் கடைசிப் பெரிய தருணம் 2010 மாட்ரிட். பாயர்ன் மியூனிக்குக்கு எதிரான இறுதியாட்டத்தின் கடைசி நொடிகளில் மட்டும் களமிறக்கப்பட்டார். கோப்பையோடு பயிற்சியாளர் மொரீனியோ ரியல் மாட்ரிடுக்குப் பிரிந்து போனார். மைதானத்துக்கு வெளியே, காரிலிருந்து இறங்கி வந்து மாட்டராசியைக் கட்டிக்கொண்டு இருவரும் அழுத காட்சி கேமராவில் பதிவானது. ஆட்டக்காரர்களைப் பாசத்தால் கட்டிப்போடும் வித்தையை மாட்டராசி எங்கே கற்றார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சென்னையில்: 2014

மூன்றாண்டு ஓய்வுக்குப் பிறகு, 2014இல் புதிதாகத் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீகில் (ஐ.எஸ்.எல்.) சென்னை அணிக்கு ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக வந்தார். எட்டு அணிகள், அணிக்கு 14 லீக் ஆட்டங்கள், அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும் போட்டி. உரிமையாளர்களில் நடிகர் அபிஷேக் பச்சனும் கிரிக்கெட் வீரர் தோனியும் உண்டு. பிரேசிலின் நடுக்கள வீரர் எலானோ, பிரான்சின் சில்வெஸ்டர், மெண்டி, கொலம்பியாவின் மெண்டோசா என்று அணி சேர்ந்தது. நவம்பரில் நெஸ்டாவும் வந்தார். 2002இலும் 2006இலும் நெஸ்டா காயம்பட்டபோது அவர் இடத்தை நிரப்பியவர் மாட்டராசி. இப்போது நெஸ்டா அவருக்குக் கீழே ஆட வந்திருந்தார்.

முதல் ஆட்டத்தில் கோவாவை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என வென்றார்கள். எலானோ 8 கோலுடன் போட்டியின் அதிக கோல் அடித்தவரானார். லீக் பட்டியலில் சென்னைக்கு முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ்.

இந்த மோதலைத் திருநெல்வேலியிலிருந்து பார்த்தவர்களின் நிலை சங்கடமானது. நெல்லைக்குச் சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல்; கொச்சி ஏறக்குறைய அதில் பாதி. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்திலோ கல்லூரித் திடல்களிலோ பந்து உதைத்து வளர்ந்த ஒரு பையன் நேரில் ஐ.எஸ்.எல். ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் கொச்சிக்குப் போவதே சுருக்கம். மொழியால் ஒரு அணி, தூரத்தால் இன்னொரு அணி.

கொச்சியில் சென்னை 0-3 எனத் தோற்றது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 16 அன்று, சென்னை நேரு விளையாட்டரங்கில் மூன்று கோலையும் திருப்பி அடித்தது. மூன்றாவதை 90ஆவது நிமிடத்தில் மிசோரம் இளைஞர் ஜேஜே அடித்தபோது மைதானம் எழுந்து நின்றது. ஆனால் கூடுதல் நேரத்தின் 117ஆவது நிமிடத்தில் கேரளாவின் பியர்சன் ஒரு கோல் போட, மொத்தக் கணக்கில் 4-3 என வெளியேறினார்கள். மாட்டராசி அந்தப் பருவத்தில் ஏழு ஆட்டங்கள் ஆடினார். அதோடு காலணியைக் கழற்றிவைத்துவிட்டுப் பயிற்சியாளராக மட்டும் தொடர்ந்தார்.

வெள்ளமும் கோப்பையும்: 2015

இரண்டாவது பருவம் கொல்கத்தாவிடம் 2-3 என்ற சொந்த ஊர்த் தோல்வியுடன் தொடங்கியது. நான்கு ஆட்டங்கள் மிச்சமிருக்கையில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பயிற்சியாளர் தலை உருளும் என்று எல்லாரும் எதிர்பார்த்த நேரத்தில் நான்கையும் வென்று மூன்றாம் இடத்தில் அரையிறுதிக்குள் நுழைந்தார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. சொந்த ஊர் அரையிறுதியை ஊரில் ஆட வழியில்லை. டிசம்பர் 12 அன்று அந்த ஆட்டம் புனேயில் நடந்தது. நடப்பு சாம்பியனான கொல்கத்தாவை 3-0 என அடித்தார்கள். கொல்கத்தாவில் 1-2 எனத் தோற்றும் மொத்தக் கணக்கில் 4-2 போதுமானதாக இருந்தது.

டிசம்பர் 20, கோவாவின் ஃபத்தோர்டா. 54ஆவது நிமிடத்தில் சென்னையின் பெலிசாரி. நான்கு நிமிடத்தில் கோவாவின் ஹாவ்கிப் பதிலடி. 87ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கில் அடித்து கோவாவை 2-1 என முன்னே கொண்டுபோனார். கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணி அன்று பெனால்டியைத் தடுத்து அணியைத் தாங்கியவர். 90ஆவது நிமிடத்தில் கோலுக்கு முன் நடந்த தள்ளுமுள்ளில் பந்து அவர் மேலேயே பட்டு உள்ளே போனது, 2-2. கூடுதல் நேரத்துக்கு ஆயத்தமாகலாம் என்று நினைப்பதற்குள் மெண்டோசா மூன்றாவதைப் போட்டுவிட்டார். அந்தப் பருவத்தில் அவருக்கு அது 13ஆவது கோல், அதிக கோலுக்கான தங்கக் காலணியும் அவருக்கே. ஜேஜேக்கு வளரும் வீரர் விருது கிடைத்தது.

பயிற்சி முறை பற்றி

மாட்டராசியைத் தந்திரக்காரர் என்று சொல்வதைவிட அணியின் மனதைத் தாங்கியவர் என்பதே பொருந்தும். தற்காப்பு வீரராக இருந்தவரின் அணி தற்காப்பை நம்பவில்லை. மெண்டோசாவின் வேகத்துக்கும் ஜேஜேயின் உடல் வலுவுக்கும் பந்தைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ஆட்டம். கோல் வாங்குவார்கள், அதைவிட அதிகமாக அடிக்கப் பார்ப்பார்கள். களத்தின் ஓரத்தில் இவர் கத்தாத நிமிடம் குறைவு. இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும் போட்டிக்கு இந்த வகைத் தலைமை நன்றாகவே பொருந்தியது: நீண்ட காலத் திட்டத்துக்கு அங்கே நேரமில்லை, பல நாடுகளிலிருந்து வந்தவர்களைச் சில வாரங்களில் ஒரு குடும்பமாக்குபவன் ஜெயிப்பான்.

அதன் எல்லையும் அடுத்த ஆண்டே தெரிந்தது. 2016இல் மெண்டோசா இல்லை, எலானோவும் இல்லை. நார்வேயின் ரீசே வந்தும் வெற்றி கூடவில்லை. சமன் ஆட்டங்கள் பெருகி, எட்டு அணிகளில் ஏழாம் இடம். அந்தப் பருவத்தின் ஆறுதல், இடது தற்காப்பில் ஆடிய மிசோரத்தின் ஜெர்ரி லால்ரின்சுவாலா பெற்ற வளரும் வீரர் விருது. வெளிநாட்டு நட்சத்திரங்களும் வடகிழக்கு இளைஞர்களும் நிறைந்த அணியில் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள் என்பது மாட்டராசி மீது மட்டும் போட வேண்டிய குறையல்ல. மாநில லீக் வலுவாக இல்லாத இடத்தில் வெளியூர்ப் பயிற்சியாளர் யாரைத் தேடுவார்? வியாசர்பாடியிலிருந்து வந்த நடுக்கள வீரர் தனபால் கணேஷ் சென்னையின் நீலச் சட்டையில் நிலைத்ததே பெரிய காரியம்.

2017 மார்ச்சில் கிளப்பும் மாட்டராசியும் பிரிந்தார்கள். இங்கிலாந்தின் ஜான் கிரிகரி பொறுப்பேற்றார். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்தில் 3-2 என வீழ்த்தி சென்னை இரண்டாவது கோப்பையை எடுத்தது. அந்த மூன்றில் இரண்டு கோல்களைத் தலையால் முட்டி அடித்தவர், மாட்டராசியின் 2015 கோப்பை அணியில் மையத் தற்காப்பில் நின்ற பிரேசிலின் மைல்சன் ஆல்வெஸ்.